வேலியோரக் கண்வலிக் கிழங்கைத் தோண்டி விற்கலாமா?

தோட்டத்துக் கேள்விகள்

‘‘எங்களுக்கு அரவக்குறிச்சிப் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரிக் காடு. சுற்றிலும் கிளுவை வேலி. ஐப்பசி, கார்த்திகையில் அந்த வேலி முழுக்கக் கண்வலிப் பூ தானாகப் பூக்கும். நாங்கள் நட்டதில்லை, தண்ணீர் விட்டதும் இல்லை. இந்த வருடம் ஒரு வியாபாரி வந்து, ‘பூ காய்ந்ததும் கிழங்கைத் தோண்டிக் கொடுங்கள், கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறார். என் மகள், ‘அது அழிந்துவரும் செடி, தோண்டக் கூடாது’ என்கிறாள். வியாபாரியோ செல்போனைக் காட்டி, ‘உலகப் பட்டியலிலேயே அழியும் நிலையில் இல்லை என்று போட்டிருக்கிறது’ என்கிறார். யார் சொல்வது சரி?’’

- ஒரு வாசகி, கரூர் மாவட்டம்

உங்கள் மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. வியாபாரி காட்டியதும் பொய்யில்லை. ஆனால், ‘கிழங்கைத் தோண்டிக் கொடுக்க வேண்டாம்’ என்பதுதான் பதில். காய் பறித்து விதையாக விற்கலாம், அதில் தவறில்லை. கிழங்கு மட்டும் மண்ணிலேயே இருக்கட்டும். காரணத்தை விளக்கமாகவே பார்த்துவிடுவோம். ஏனென்றால், இதே கேள்வி திண்டுக்கல், திருப்பூர் மாவட்ட வாசகர்களுக்கும் பயன்படும்.

ஒரே செடி, பல பெயர்கள்

கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு, செங்காந்தள் எல்லாமே ஒரே செடிதான். தாவரவியலில் குளோரியோசா சூப்பர்பா என்பார்கள். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப் பூ. இலங்கைத் தமிழர்களும் கார்த்திகைப் பூ என்றுதான் சொல்கிறார்கள். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் கண்வலிப் பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். அந்த வரிசையில் முதலில் வருவது செங்காந்தள். இன்றைக்கு அதுதான் தமிழ்நாட்டின் மாநில மலர். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே.

இவ்வளவு பெருமை இருந்தும், வியாபாரிகள் தேடி வருவது பூவுக்காக இல்லை. இதன் விதையிலும் கிழங்கிலும் கோல்கிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கீல்வாதத்தில் ஒரு வகையான கவுட் நோய்க்கு இது பழைய, இன்றும் பயன்படும் மருந்து. தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரைக்கும் இந்த விதையே மூலப்பொருள். பயிர் ஆராய்ச்சியிலும் கோல்கிசினுக்கு வேலை உண்டு. செடியின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். விதையில்லாத் தர்பூசணி உருவானது இந்த வழியில்தான்.

உலகப் பட்டியல் என்ன சொல்கிறது?

வியாபாரி காட்டியது, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடும் சிவப்புப் பட்டியலாக இருக்க வேண்டும். 1964-ம் ஆண்டிலிருந்து இந்தப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வோர் உயிரினத்துக்கும் அதில் ஒரு படி கொடுப்பார்கள். கவலை குறைந்த இனம், ஆபத்தை நெருங்கும் இனம், அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம், காட்டில் அற்றுப்போன இனம், முற்றிலும் அற்றுப்போன இனம் என்று படிகள் போகும். தகவல் போதாதவை, இன்னும் மதிப்பிடப்படாதவை என்று தனியாக இரண்டு வகைகளும் உண்டு.

செங்காந்தள் முதல் படியில், அதாவது ‘கவலை குறைந்த இனம்’ என்ற இடத்தில் இருக்கிறது. காரணம், அது பரவியிருக்கும் பரப்பு. ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகள், இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என்று விரிந்து கிடக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல் மேடுகளில் இதே செடி களையாகப் பெருகி, அதை அழிக்க அவர்கள் பாடுபடுகிறார்கள். இப்படிப்பட்ட ஒரு செடியை ‘உலகத்திலிருந்தே அற்றுப்போகப்போகிறது’ என்று யாரும் எழுத முடியாது.

ஆனால், அது உலகம் முழுவதற்குமான கணக்கு. மாநிலம் முழுக்க நல்ல மழை என்று செய்தி வரும். நம் ஊர்க் கிணறு வறண்டு கிடக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஆப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கான செடிகள் இருப்பதால், அரவக்குறிச்சி வேலியில் தோண்டிய குழி நிரம்பாது.

பரப்பு பெரிதாக இருந்தால் எப்போதும் ஆபத்தில்லை என்றும் எண்ண வேண்டாம். சந்தன மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் பல இடங்களில் வளரும் மரம்தான். வெட்டிக் கடத்தியதாலேயே ‘அழிவாய்ப்பு இனம்’ என்ற படிக்குப் போய்விட்டது. நீலக்குறிஞ்சியின் கதை வேறு. தென்னிந்திய மலைகளின் உயரமான புல்வெளிகளை விட்டால் அதற்கு வேறு வீடு இல்லை. தேயிலைத் தோட்டமும், தைல மரமும், சீகை மரமும் அந்தப் புல்வெளிகளை விழுங்கியதால், 2024-ல் அதையும் ‘அழிவாய்ப்பு இனம்’ என்று சேர்த்தார்கள். ஒரு செடிக்குக் கேடு வரும் வழிகள் இரண்டு. ஒன்று, செடியையே எடுத்துவிடுவது. மற்றொன்று, அது வாழும் இடத்தை எடுத்துவிடுவது. நம் ஊர்க் கண்வலிக்கு இந்த இரண்டுமே நடக்கின்றன.

கிழங்கை எடுத்தால் செடியே போச்சு

இந்தச் செடியின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், ஏன் தோண்டக் கூடாது என்பது தானாகப் புரியும். ஆடி மழைக்கு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு முளைவிடும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாக மாறி, கிளுவையையோ கள்ளியையோ பிடித்து ஏறும். பூ முதலில் பச்சை கலந்த மஞ்சளாக இருந்து, பிறகு ஆரஞ்சாகி, கடைசியில் ரத்தச் சிவப்பாகும். தை, மாசியில் காய் முற்றி, கொடி காய்ந்துவிடும். மேலே ஒன்றுமே தெரியாது. அடுத்த மழை வரை உயிர் முழுவதும் கிழங்கில்தான்.

நட்ட கிழங்கு அந்தப் பருவத்திலேயே சுருங்கிப்போய், புதுக் கிழங்கு உருவாகியிருக்கும். பெரும்பாலும் ‘வி’ எழுத்து மாதிரி இரண்டு கொம்பு. ஒவ்வொரு கொம்பின் நுனியிலும் ஒரே ஒரு கண்தான் இருக்கும். அந்தக் கண் உடைந்தால் மீதிக் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முளைக்காது. உருளைக்கிழங்கு போலப் பல கண்களோ, கோரை போலப் பல வேர்களோ இதற்குக் கிடையாது. கிழங்கை எடுத்தால் எடுத்ததுதான்.

‘விதை விழுந்து முளைக்காதா?’ என்று கேட்கலாம். முளைக்கும், ஆனால் மெதுவாக. விதை பல மாதம் உறங்கும். முளைப்பதும் குறைவு. முளைத்த செடி பூப்பதற்கு மூன்று, நான்கு வருடங்கள் ஆகும். ஒரு நாளில் கடப்பாரையால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க, மண்ணுக்கு அத்தனை வருடங்கள் வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நடுவதற்கு ஏற்ற கிழங்கு 50 கிராம் என்று வையுங்கள். ஒரு கிலோவுக்கு 20 கிழங்கு. வேலியில் இருப்பது இதைவிடச் சிறியதாக இருந்தால், எண்ணிக்கை இன்னும் கூடும். புதிதாகச் சாகுபடி தொடங்குகிறவர் ஏக்கருக்கு 600 கிலோ வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், 12,000 கிழங்கு. அத்தனையும் வேலியோரத்திலிருந்தும் காட்டிலிருந்தும் வந்தால், ஒரு ஏக்கர் தோட்டத்துக்காக எத்தனை கிராமத்து வேலிகள் காலியாகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாகுபடி செய்தும் ஏன் ஆபத்து?

மூலனூர், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், அரவக்குறிச்சி வட்டாரத்தில் கண்வலி இப்போது தோட்டப் பயிர். கம்பிப் பந்தலிலும் முள்ளிலும் ஏற்றி வளர்க்கிறார்கள். ‘தோட்டத்தில் விளைகிறதே, காட்டுச் செடிக்கு நல்லதுதானே’ என்று தோன்றும். விதையைப் பொறுத்தவரை அது சரி. நடவுக் கிழங்கைப் பொறுத்தவரை சரியில்லை.

விதையிலிருந்து வளர்க்கப் பொறுமை வேண்டும் என்பதால், எல்லோரும் கிழங்கைத்தான் நடுகிறார்கள். விதை விலை ஏறும் வருடத்தில் புதிதாகப் பலர் சாகுபடிக்கு வருவார்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் அத்தனை பேருக்கும் போதுமான கிழங்கு இருக்காது. அப்போதுதான் வியாபாரி உங்கள் வேலியைத் தேடி வருகிறார். அடுத்த வருடம் விதை விலை விழுந்தால், வாங்கி நட்டவர் பயிரையே விட்டுவிடுவார். வேலியிலும் இல்லை, தோட்டத்திலும் இல்லை என்ற நிலை வரும். இந்தப் பயிரின் விலை எப்படி ஏறி இறங்கும் என்பதை உங்கள் பகுதி விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாகுபடி செய்பவர்களுக்கும் இதில் நஷ்டம் உண்டு. கிழங்கிலிருந்து வரும் செடி தாய்ச்செடியின் அச்சு. ஒரே வகைக் கிழங்கையே ஊர் முழுக்க நட்டால், கிழங்கு அழுகலோ இலைக் கருகலோ வரும்போது எல்லாத் தோட்டமும் ஒரே மாதிரி அடிவாங்கும். நோயைத் தாங்கும் செடி, கோல்கிசின் கூடுதலாக உள்ள செடி என்று நாளைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், அது விதைமூலம் வளர்ந்த காட்டுச் செடிகளில்தான் கிடைக்கும். வேலியில் நிற்பது உங்கள் பயிரின் விதைக் களஞ்சியம்.

வேலி போனால் கொடியும் போகும்

உங்கள் கடிதத்தில் ‘கிளுவை வேலி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. கொங்குப் பகுதியில் கொரங்காடுகளைச் சுற்றி இருந்த கிளுவை வேலிகள் பல இடங்களில் கம்பி வேலியாகிவிட்டன. ஜே.சி.பி. ஒரு நாள் ஓடினால் தாத்தா காலத்து வேலி வேரோடு போய்விடும். அதோடு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும் போகும். வரப்போரம் களைக்கொல்லி அடிப்பதும் இன்னொரு காரணம். ஆவணி, புரட்டாசியில் கொடி பச்சையாக இருக்கும்போது அடித்தால், கிழங்குக்குச் சேர வேண்டிய சத்து சேராமலேயே கருகிவிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தப் பூவில் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். தன் மகரந்தம் தன் மேலேயே எளிதில் படாது. பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால்தான் தோட்டங்களில் காலை நேரத்தில் ஆள் வைத்து, பூ பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். வேலியில் நீளமாகப் பல கொடிகள் இருந்தால் இந்த வேலை இலவசமாக நடக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சினால், பூ பூக்கும், காய் பிடிக்காது. பார்ப்பவர்களுக்குச் செடி இருப்பது போலவே தெரியும். ஆனால் அடுத்த தலைமுறை உருவாகாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், காயைப் பறியுங்கள், கிழங்கை விடுங்கள். காய் மஞ்சளாகி, தோல் சுருங்கத் தொடங்கும்போது பறித்து நிழலில் உலர்த்தினால் விதை தனியாக வரும். பத்துக் காய்க்கு மூன்றையாவது செடியிலேயே வெடிக்க விடுங்கள். அது மண்ணுக்கு உரிய பங்கு.

இரண்டாவது, நீங்களே சாகுபடி செய்ய நினைத்தால், பக்கத்துத் தோட்டங்களில், கண்ணால் பார்த்த, நோயில்லாத பயிரிலிருந்து கிழங்கு வாங்குங்கள். ‘எங்கே தோண்டியது?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். சொந்த வேலியிலிருந்து கொஞ்சம் எடுத்தே ஆக வேண்டும் என்றால், கொடி முழுதாகக் காய்ந்த பிறகு, நன்கு பெருத்த சில கிழங்குகளில் மட்டும் ஒரு கொம்பைக் கண் உடையாமல் பிரித்து எடுத்து, மற்ற கொம்பை அதே குழியில் வைத்து மூடிவிடுங்கள்.

மூன்றாவது, உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கும். 2002-ம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்றை அவர்கள் பராமரிக்க வேண்டும். உங்கள் ஊரில் கண்வலி எந்தெந்த வேலியில், எந்த ஓடைக்கரையில் இருக்கிறது என்று அதில் எழுதச் சொல்லுங்கள். கிராம சபையில் கேட்டாலே போதும்.

நான்காவது, இது உங்கள் மகளுக்கான வேலை. ஒரு நோட்டு எடுத்து, வருடா வருடம் கார்த்திகையில் வேலியைச் சுற்றி நடந்து, பூத்த கொடிகளை எண்ணி எழுதச் சொல்லுங்கள். காய் பிடித்தவை எத்தனை என்று தை மாதத்தில் இன்னொரு முறை. சிவப்புப் பட்டியல் தயாரிப்பவர்கள் பார்ப்பதும் இதே மாதிரிக் கணக்கைத்தான். பத்து வருடத்திலோ மூன்று தலைமுறைக் காலத்திலோ, இதில் எது நீளமோ அதற்குள், எண்ணிக்கை 30 சதவிகிதம் குறைந்தால் ‘அழிவாய்ப்பு இனம்’. 50 சதவிகிதம் என்றால் ‘அருகிய இனம்’. 80 சதவிகிதம் என்றால் ‘மிக அருகிய இனம்’. நூறு கொடி இருந்த வேலியில் எழுபதுதான் இருக்கிறது என்றால், உலகப் பட்டியலில் என்ன போட்டிருந்தாலும், உங்கள் காட்டில் அது ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை வியாபாரி செல்போனைக் காட்டினால், உங்கள் மகள் நோட்டைக் காட்டட்டும்.

‘‘வேலியில் கண்வலிக் கொடி இருந்தால் ஆடு, மாடு, குழந்தைகளுக்கு ஆபத்தா? வெட்டிவிடலாமா?’’

செடி முழுவதுமே விஷம்தான். கிழங்கும் விதையும் அதிக விஷம். ஆனால், வேலியில் நிற்பதால் மட்டும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கிழங்கைச் சர்க்கரைவள்ளி, வள்ளிக்கிழங்கு என்று தவறாக நினைத்துச் சாப்பிடுவதுதான் உயிருக்கு ஆபத்து. எனவே தோண்டாமல் விடுவது இந்த வகையிலும் நல்லது. குழந்தைகளுக்குப் பூவைக் காட்டி, ‘பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது’ என்று சொல்லிக்கொடுங்கள். விதையையும் கிழங்கையும் சமையல் பொருள்களோடு ஒருபோதும் வைக்காதீர்கள். காய் உடைக்கும்போது கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.

யாராவது தவறிச் சாப்பிட்டுவிட்டால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். அதுவரை நன்றாக இருப்பது போலத் தெரியும். அதை நம்பி வீட்டில் வைத்துக்கொண்டு கைவைத்தியம் பார்க்கக் கூடாது. உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சாப்பிட்ட கிழங்கின் மிச்சத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கால்நடைகள் மேய்ச்சலில் பொதுவாக இதைத் தொடுவதில்லை. அறுத்த தீவனத்தோடு கொடி கலந்து போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

‘‘காட்டோரத்தில் தானாக வளர்ந்த கிழங்கை எடுத்தால் குற்றமா?’’

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கிழங்கு, வேர், பட்டை எதைத் தோண்டி எடுத்தாலும், 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்தான். செடி அழியும் நிலையில் இருக்கிறதா, இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. எல்லை தெரியவில்லை என்றால், வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். சொந்த நிலத்து வேலியைப் பற்றி மேலே சொன்னது சட்டத்துக்குப் பயந்து அல்ல. அது உங்கள் சொத்துக் கணக்கு.

‘‘கண்வலியை விதையிலிருந்து வளர்க்க முடியுமா?’’

முடியும். அவசரம் இல்லாதவர்களுக்கு அதுவே நல்ல வழி. தை, மாசியில் எடுத்த விதையை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் வையுங்கள். அடுத்த மழைக்காலத்தில் ஓரிரவு ஊறவைத்து, மணலும் மக்கிய எருவும் கலந்த மேட்டுப்பாத்தியில் மேலாக விதைத்து, அரை விரல் கனத்துக்கு மணல் தூவுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. எல்லா விதையும் ஒரே நேரத்தில் முளைக்காது. சில விதைகள் அடுத்த பருவத்தில்கூட முளைக்கும், பாத்தியைக் கலைத்துவிடாதீர்கள். முதல் வருடம் சிறிய இலைகளும் மிகச் சிறிய கிழங்கும்தான் இருக்கும். இலை காய்ந்தாலும் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் வருடம் வேலியோரத்துக்கு மாற்றலாம். மூன்றாம், நான்காம் வருடத்தில் பூ வரும்.

கிளுவை வேலி உள்ள வாசகர்கள் இந்தக் கார்த்திகையில் கொடிகளை எண்ணி, ஊர்ப் பெயரோடு ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். மழைக்கு முன் வேலியைத் திருத்துகிறவர்கள், இயந்திரத்தை இறக்குவதற்கு முன் போன வருடம் பூ எங்கே பூத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.